சேலத்தில் முதல் முறையாக ஃபேஷன் ஷோ பற்றி எழுதப் போகிறீர்களா?

சேலத்தில் ஃபேஷன் ஷோ பற்றி எழுதுவதில் ஒரு வம்பு இருக்கிறது. படிக்கிறவர்களில் பலருக்கு எழுதுகிறவரைவிட நன்றாகத் துணி தெரியும். அம்மாப்பேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ தாத்தா காலத்தில் தறி ஓடிய வீடு, இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் பார்க்கிற மச்சான் என்று ஏதாவது ஒன்று இருக்கும். "வண்ண வண்ண உடைகளில் ஒய்யார நடை" என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், படிக்கவும் மாட்டார்கள். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று எழுதிப் பாருங்கள், காலையில் காபி குடிப்பதற்குள் போன் வந்துவிடும்.

அதனால் முதலில் எந்த ஷோவுக்குப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி ஃபேஷன் டிசைன் துறை நடத்தும் ஆண்டு ஷோ ஒரு வகை, ஜவுளிக்கடையோ பொட்டிக்கோ நடத்துவது இன்னொரு வகை, இதில் விற்பனைதான் நோக்கம், தப்பில்லை, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஆகஸ்ட் 7-ஐ ஒட்டிக் கைத்தறி ஷோ என்று அழைப்பு வந்தால் அந்தத் தேதி எதற்கு என்பதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 1905-ல் அதே நாளில்தான் கல்கத்தாவில் சுதேசி இயக்கத்தை அறிவித்தார்கள், 2015-லிருந்து அது தேசியக் கைத்தறி நாள், முதல் விழா நடந்தது சென்னையில். நெசவில் ஏதாவது புரியவில்லை என்றால் கேட்க நம் ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமே இங்கேதான் இருக்கிறது.

அழைப்பிதழில் ஐந்தரை மணி என்று போட்டிருக்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை எல்லாம் முடிந்து முதல் மாடல் மேடைக்கு வரும்போது ஏழு ஆகலாம். நீங்கள் மூன்று மணிக்கே போய்விடுங்கள். நான் முதன்முதலில் எழுதிய ஷோவில் கட்டுரையின் முக்கால்வாசி கிரீன் ரூமில் கிடைத்ததுதான், ராம்ப்பில் பார்த்தது கால்வாசிகூட இல்லை. போனதும் லைன்-அப் தாளைக் கேளுங்கள், அதாவது எந்த மாடல் எந்த உடையில் எத்தனையாவதாக வருகிறார் என்ற பட்டியல். கோரியோகிராஃபரிடமோ மேடைக்குப் பின்னால் ஆட்களை அனுப்புகிறவரிடமோ இருக்கும். போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும். இது இல்லாமல் உட்கார்ந்தால் பன்னிரண்டாவது ஆள் வருவதற்குள் யார் டிசைன் எது என்று குழம்பிவிடும், ஒரு ஆள் மேடையில் இருப்பதே அரை நிமிடம், முக்கால் நிமிடம்.

அப்புறம் ஹேங்கரில் தொங்கும் துணிகளிடம் போங்கள். அனுமதி கேட்டுத் தொட்டுப் பாருங்கள், திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், கரையும் முந்தியும் எப்படி இருக்கிறது, புட்டாவின் (உடலில் இடையிடையே நெய்யும் சின்னப் பூ வேலை) நூல் பின்னால் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக் கைத்தறியா விசைத்தறியா என்று தீர்ப்பு எழுத வேண்டாம், பழகினவர்களே சில நேரம் யோசிப்பார்கள். யார் நெய்தது, எந்த ஊர்த் தறி, நூல் எங்கே வாங்கியது என்று டிசைனரிடம் கேளுங்கள். பதில் இழுத்தால் "பட்டுச் சேலை" என்றுகூட எழுதாமல் "சேலை" என்று எழுதுங்கள். லேபிள் இருந்தால் எந்த லேபிள் என்று படியுங்கள், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: சில்க் மார்க் இருந்தால் அது சுத்தமான பட்டு என்றுதான் அர்த்தம், கையால் நெய்ததா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது கைத்தறி முத்திரை, அது வேறு. ஜரிகையும் அப்படித்தான், வெள்ளி இழையில் முலாம் போட்டதும் பிளாஸ்டிக் இழையும் மேடை வெளிச்சத்தில் ஒரே மாதிரி மின்னும்.

வெளிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது, நிறத்தைக் கிரீன் ரூமிலேயே குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்து. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அதன் பெருமையே அந்த வெள்ளைதான். அந்தப் பட்டில் நெய்த வேட்டியை மஞ்சள் லைட்டில் நடக்கவிட்டால் சந்தன நிறம், நீல லைட்டில் சலவைக்குப் போட்ட மாதிரி ஒரு நிறம். "கிரீம் நிற வேட்டி" என்று எழுதினால் நெய்தவர் வயிறு எரியும்.

நெசவாளர் யாராவது வந்திருந்தால் விடாதீர்கள். பெரும்பாலும் கடைசி வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள், அல்லது மேடையில் இரண்டு நிமிடம் ஏற்றிச் சால்வை போட்டு இறக்கிவிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, இது நெய்ய எத்தனை நாள் ஆச்சுங்க?" என்று ஆரம்பித்தால் பாவு போடுவது (நீளவாட்டு நூலைத் தறிக்குத் தயார் செய்வது), அச்சு பிணைப்பது (பழைய பாவோடு புதுப் பாவின் இழைகளை முடிவது), வீட்டில் யார் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டு போவார். கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். சங்கடமான கேள்விதான், ஆனால் ராம்ப்பில் வரும் உடைக்கு விலை போட்டிருக்கிற ஷோவில் இந்த எண்ணும் கட்டுரையில் இருப்பது நல்லது என்பது என் கட்சி.

உட்காரும் இடம்: முன்வரிசை நடு சோபா விருந்தினர்களுக்கு, அது வேண்டவே வேண்டாம். ராம்ப்பின் முனைக்கு நேர் எதிரே போட்டோகிராஃபர்கள் நிற்பார்கள், அவர்களை மறைத்தால் திட்டு விழும். பக்கவாட்டில், முனைக்குக் கொஞ்சம் முன்னால் உட்காருங்கள், மாடல் திரும்பும்போது உடையின் முன்பக்கமும் பின்பக்கமும் அங்கேதான் கிடைக்கும். நடக்கும்போது துணி என்ன செய்கிறது என்று பாருங்கள். மடிப்பு நிற்கிறதா, முந்தி கனத்தில் இழுக்கிறதா, மாடல் கையால் எதையாவது பிடித்துக்கொண்டே நடக்கிறாரா? பிடித்துக்கொண்டு நடந்தால் ஃபிட்டிங் சரியில்லை என்று அர்த்தம், அது டிசைனர் பாடு. லைன்-அப் எண், துணி, கண்ணில் பட்ட ஒரு விஷயம், ஒரு ஆளுக்கு இவ்வளவு குறித்தால் போதும். பாட்டுச் சத்தத்தில் குரல் பதிவெல்லாம் எடுபடாது.

ஏற்காட்டில் ரிசார்ட் புல்வெளியில் ஷோ என்றால் கூடுதலாகச் சில தொல்லைகள். காற்றில் எல்லாத் துணியும் அழகாகப் பறக்கும், அதை டிசைனின் சாமர்த்தியம் என்று எழுதிவிடாதீர்கள். பனி இறங்கினால் கேமரா லென்ஸ் மங்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும், கடைசிப் பஸ் எப்போது என்று போனதுமே கேட்டுவிடுங்கள்.

கல்லூரி ஷோவில் நடப்பவர்கள் மாணவ மாணவிகள். அவர்கள் நிறம், எடை, உயரம் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், உடையை விட்டு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஒரு பெண் கால் இடறி விழுந்தாலும் விட்டுவிடுங்கள், எழுதினால் அந்தப் பெண்ணை வீட்டில் மறுபடி மேடையேற விடமாட்டார்கள்.

எழுத உட்காரும்போது சிறப்பு விருந்தினர் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முப்பது உடையையும் வரிசையாகச் சொல்லாமல், உங்களை நிமிர்ந்து உட்கார வைத்த மூன்றை எடுத்து விரிவாக எழுதுங்கள், பிடிக்காத ஒன்றையும் ஏன் என்று காரணத்தோடு சொல்லுங்கள். கிளம்பும்போது கையில் ஒரு பை கொடுப்பார்கள், உள்ளே சேலையோ சட்டைத்துணியோ இருக்கும். சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டை மட்டும் சாப்பிடலாம். வெளிவருவதற்கு முன் கட்டுரையைக் காட்டுங்கள் என்றும் கேட்பார்கள். முழுதாக அனுப்ப வேண்டாம். துணி, ஊர், கூலி, பெயர் வருகிற வரிகளை மட்டும் போனில் வாசித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், பெயருக்கு முன்னால் இனிஷியல் உட்பட, ஒரே வகுப்பில் மூன்று பிரியாக்கள் இருப்பார்கள்.