கல்லூரி வைஃபையும் 'டொமைன்' என்கிற கட்டமும்

வீட்டு வைஃபை என்றால் பாஸ்வேர்டைத் தட்டினால் முடிந்தது. கல்லூரி வைஃபையில் பெயரைத் தொட்டதுமே ஈஏபி முறை, ஃபேஸ் 2, சிஏ சான்றிதழ், டொமைன், ஐடென்டிட்டி, அனானிமஸ் ஐடென்டிட்டி என்று கட்டங்கள் வரிசைகட்டி நிற்கும். போன மாதம் புது ஆண்ட்ராய்டு போனை வைத்துக்கொண்டு இதில் இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பழைய போனில் ஒரு நிமிடத்தில் இணைந்த அதே வைஃபை!

முதலில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். வீட்டில் இருப்பது 'பர்சனல்' வகை. எல்லோருக்கும் ஒரே சாவி. கல்லூரியில் இருப்பது 'எண்டர்பிரைஸ்' வகை. ஆளுக்கொரு யூசர்நேம், பாஸ்வேர்டு. இதற்குப் பின்னால் இருக்கும் விதிமுறையின் பெயர் 802.1எக்ஸ். போன் கேட்கும், கூரையில் தொங்கும் அக்சஸ் பாயின்ட் அதைத் தபால்காரர் மாதிரி கொண்டுபோகும், முடிவு சொல்வது எங்கோ உட்கார்ந்திருக்கும் ரேடியஸ் சர்வர். ஆகவே 'ஆதென்டிகேஷன் பிராப்ளம்' என்று வந்தால் அக்சஸ் பாயின்டுக்கு நேர் கீழே போய் நிற்பதில் பயனில்லை. நான் நின்றேன்.

படி 1: கேட்டு வாங்குங்கள். ஐடி பிரிவில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஈஏபி முறை (போனும் சர்வரும் அடையாளம் சரிபார்த்துக்கொள்ளும் விதம்) எது, ரேடியஸ் சர்வரின் பெயர் என்ன, சர்வரின் அடையாள அட்டை மாதிரியான சான்றிதழை வழங்கியது யார் என்ற மூன்றையும் விடாமல் கேளுங்கள்.

படி 2: ஈஏபி முறை. பெரும்பாலும் பீப், ஃபேஸ் 2-இல் (பாஸ்வேர்டைச் சோதிக்கும் இரண்டாம் கட்டம்) எம்எஸ்சாப் வி2. சில இடங்களில் டிடிஎல்எஸ். உங்கள் இடத்தில் டிஎல்எஸ் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். பாஸ்வேர்டே கிடையாது, போனில் இருக்கும் சான்றிதழ்தான் அடையாளம்; திருட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

படி 3: சிஏ சான்றிதழ். சிஏ என்பது சர்வருக்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு. முன்பெல்லாம் இங்கே 'சரிபார்க்க வேண்டாம்' என்று ஒரு வழி இருந்தது. எல்லோரும் அதைத்தான் தொட்டோம். ஆண்ட்ராய்டு 11-க்கு 2020 டிசம்பரில் வந்த அப்டேட்டில் கூகுள் அதை எடுத்துவிட்டது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் காரணம் நியாயமானது. உங்கள் கல்லூரி வைஃபையின் பெயரிலேயே எவரும் ஒரு போலி வைஃபையைத் திறக்கலாம். சரிபார்க்காத போன் அதையும் நம்பி, உங்கள் பாஸ்வேர்டிலிருந்து உருவான விடையைக் கொடுத்துவிடும். எம்எஸ்சாப் வி2-வின் அந்த விடையை உடைக்க முடியும் என்று 2012-லேயே காட்டிவிட்டார்கள். சர்வர் நம்மைச் சோதிப்பதற்கு முன்னால் நாம் சர்வரைச் சோதிக்க வேண்டும்; இந்தக் கட்டம் அதற்குத்தான்.

சான்றிதழ் பொதுவான நிறுவனம் வழங்கியது என்றால் 'சிஸ்டம் சான்றிதழ்கள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கல்லூரியே உருவாக்கியது என்றால் அந்தக் கோப்பை வாங்கி முதலில் போனில் நிறுவ வேண்டும்.

படி 4: டொமைன். இங்கேதான் என் இரண்டு நாளும் போனது. டொமைன் என்றதும் மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் வருவது என்று நினைத்து அதையே போட்டேன். இணையவில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, முன்னால் மூன்று டபிள்யூ, எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. அது கேட்பது உங்கள் டொமைனை அல்ல, ரேடியஸ் சர்வரின் சான்றிதழில் எழுதியிருக்கும் பெயரை. போன் அந்தப் பெயரின் வால் பகுதியை ஒப்பிடும். சர்வர் 'ரேடியஸ்.கல்லூரி.ஏசி.இன்' என்றால் 'கல்லூரி.ஏசி.இன்' போட்டாலே போதும் (ஆங்கில எழுத்தில்தான்). எங்கள் இடத்தில் மின்னஞ்சல் ஒரு டொமைனில், சர்வர் வேறொரு டொமைனில். இரண்டும் ஒன்றாக இருப்பவர்களுக்கு என்னைப் போலவே தப்பாக நினைத்துப் போட்டாலும் வேலை செய்துவிடும். அதனால்தான் நண்பர்களைக் கேட்டபோது "மெயில் டொமைனைப் போடுடா, அவ்வளவுதான்" என்றார்கள்.

படி 5: ஐடென்டிட்டி. உங்கள் யூசர்நேம். அனானிமஸ் ஐடென்டிட்டி என்பது தபால் உறைக்கு வெளியே எழுதும் பெயர். மறைக்கப்படாமல் காற்றில் போகும். அங்கே நிஜப் பெயர் வேண்டாம், 'அனானிமஸ்' என்றே போடுங்கள்.

எடுரோம் (ஒரே கணக்கால் பல கல்வி நிறுவனங்களின் வைஃபையில் இணைய வைக்கும் ஏற்பாடு) இருக்கும் கல்லூரி என்றால் அனானிமஸுக்குப் பின்னால் @ போட்டுக் கல்லூரியின் டொமைனையும் சேர்க்க வேண்டும். வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நின்று இணைத்தாலும் உங்கள் கல்லூரி சர்வரைத் தேடிப்போக அதுதான் முகவரி. என்னைக் கேட்டால் எடுரோமுக்குக் கையால் எதையும் நிரப்பாதீர்கள். உங்கள் கல்லூரி 'கெட்எடுரோம்' செயலியில் இருந்தால் அதுவே நிரப்பிவிடும்.

சேர்த்தது: சான்றிதழை நிறுவியும் பட்டியலில் வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நிறுவும்போது 'சிஏ சான்றிதழ்', 'வைஃபை சான்றிதழ்' என்று தனித்தனியாகக் கேட்கும். வைஃபை சான்றிதழைத் தொடுங்கள்.

மறுபடியும் சேர்த்தது: எல்லாம் சரியாக இருந்தும் இணையாத ஒருவருக்கு, போனில் தேதி 2015 என்று இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லையே! மொபைல் டேட்டாவைப் போட்டுத் தேதியைச் சரிசெய்ததும் இணைந்துவிட்டதாம்.