சிறு தீயில் வேகும் ஃப்ரித்தாத்தா

இத்தாலியில் எந்தப் பகுதியின் வீட்டுச் சமையலிலும் ஃப்ரித்தாத்தா உண்டு. பருவத்தில் கிடைக்கும் காயையோ முந்தைய நாள் மீந்த உணவையோ அடித்த முட்டையில் கலந்து, அடையின் கனத்துக்கு இருபுறமும் வேகவைப்பார்கள். ஆம்லெட்டைப் போலப் பெருந்தீயில் சட்டென்று எடுத்து மடிப்பதல்ல இது. சிறு தீயில் நிதானமாக வெந்து, வட்டம் குலையாமல் தட்டுக்கு வர வேண்டும். அது கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் காயில் தங்கிய நீர், அல்லது சமைப்பவரின் அவசரம்.

நான்கு பேருக்கு 6 முட்டை, 300 கிராம் சுக்கினி (வெள்ளரிக்காய் போன்ற தோற்றமுள்ள பூசணி வகைக் காய்), ஒரு பெரிய வெங்காயம், துருவிய பார்மேசான் சீஸ் 40 கிராம், ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள் ஆகியவை போதும். சிலர் பாலும் ஊற்றுவார்கள்; முட்டையின் சுவையை அது மட்டுப்படுத்துவதால் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

மெல்லியதாக அரிந்த வெங்காயத்தை 2 மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கி, அது குழைந்ததும் வில்லைகளாக நறுக்கிய சுக்கினியைச் சேர்த்து உப்பிட வேண்டும். உப்புப் பட்டதும் காய் நீர் விடத் தொடங்கும். அந்த நீர் முழுவதும் சுண்டி, சலசலவென்ற ஓசை அடங்கி, வில்லைகளின் ஓரம் பொன்னிறமாகும்வரை மூடாமல் வதக்கி, பிறகு ஆறவிட வேண்டும். சூட்டோடு கொட்டினால் முட்டை அங்கங்கே திரண்டுவிடும். முட்டையை முள்கரண்டியால் நுரை பொங்காத அளவுக்கு அடித்து, சீஸ், மிளகுத்தூள், ஆறிய காய் ஆகியவற்றைக் கலக்கவும். சீஸிலேயே உப்பு இருப்பதால், மேற்கொண்டு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

24 செ.மீ. அகலமுள்ள நான்ஸ்டிக் பாத்திரத்தில் மீதி எண்ணெயைச் சூடாக்கி, கலவையை ஊற்றி, ஓரங்களை ஒருமுறை உள்நோக்கி இழுத்துவிட்டுத் தீயைக் குறைத்து மூடவும். ஏறத்தாழ 8 முதல் 10 நிமிடத்தில் ஓரம் பாத்திரத்தை விட்டு விலகும்; பாத்திரத்தை அசைத்தால் முழு வட்டமும் ஒன்றாக நகரும்; மேற்பரப்பில் மட்டும் சற்று ஈரம் மின்னும். அப்போது பாத்திரத்தைவிட அகலமான தட்டையான தட்டால் மூடி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, தயங்காமல் ஒரே வீச்சில் கவிழ்த்து, மறுபக்கம் அடியில் வரும்படி மீண்டும் பாத்திரத்துக்குள் சரியவிட வேண்டும். மேலும் 3 நிமிடம் போதும். திருப்ப அஞ்சுவோர் ஓவன் அடுப்பில் வைத்து முடிக்கலாம் என்றாலும், இருபுறமும் ஒரே மாதிரியான பொன்னிறம் அதில் அமைவதில்லை. இறக்கிப் பத்து நிமிடம் கழித்து வெட்டினால் துண்டுகள் உதிராது.

நேப்பிள்ஸில் காய்க்குப் பதிலாக மீந்த ஸ்பகெட்டி சேரும். வெந்த ஸ்பகெட்டி 300 கிராமுக்கு 4 முட்டை சேர்த்து, அடிப்பாகம் நன்றாக மொறுமொறுப்பாகும்வரை விட வேண்டும். ஆறிய பின்னும் சுவை குன்றாததால், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை வெளியே உண்ணக் கட்டிக்கொண்டு போவார்கள். ரோமிலோ, காய் சேர்க்காமல் மெல்லியதாகச் சுட்ட ஃப்ரித்தாத்தாவை விரலகல நாடாக்களாக வெட்டி, தக்காளிச் சாற்றில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, செம்மறியாட்டுப் பாலில் செய்த பெக்கொரினோ சீஸையும் புதினாவையும் தூவிப் பரிமாறுகிறார்கள். அந்தச் சாறு முன்கூட்டியே சுண்டிக் கெட்டியாகியிருக்க வேண்டும். இல்லையெனில் நாடாக்கள் ஊறிக் குழைந்துவிடும்.