அணை நிலவரத்தில் தொடங்கலாம்: செய்திகள் வழியாக ஆங்கிலச் சொற்களும் தொடர்களும் கற்கும் முறை

ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தவர்கள் பலர், பேச வேண்டிய நேரத்தில் அவற்றை எடுத்துப் பயன்படுத்த முடியாமல் திணறுகிறார்கள். ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்பதைப் பட்டியல் காட்டுவதில்லை, செய்தி காட்டுகிறது. அதிலும், தமிழில் முன்பே அறிந்துகொண்ட நம் ஊர்ச் செய்தியை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது, என்ன நடந்தது என்று ஊகிக்கும் உழைப்பு மிச்சமாகிறது. அதை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதில் முழுக் கவனத்தையும் வைக்கலாம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் பேசத் தயங்குகிற நெல்லைச் சீமை மாணவர்களையும் வேலை தேடுவோரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இங்கே ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

முதல் படி: தெரிந்த செய்தியைத் தேர்ந்தெடுங்கள்

பருவமழைக் காலமாக இருந்தால், அணை நிலவரத்தை விடச் சிறந்த தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது தாமிரபரணிப் பாசனத்தை நம்பி வாழும் பலருக்கும் மனப்பாடம். காலையில் தமிழ் நாளிதழில் அணைச் செய்தியை வாசித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கில நாளிதழில் தேடுங்கள். பாளையங்கோட்டையிலுள்ள மாவட்ட மைய நூலகத்திற்கோ உங்கள் ஊர்க் கிளை நூலகத்திற்கோ சென்றால் காசு செலவில்லாமல் இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கலாம்.

அணைச் செய்தியின் பெரிய நன்மை, அதன் வாக்கிய அமைப்பு நாள்தோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதும் எண்கள் மட்டும் மாறுவதும்தான். ‘தி வாட்டர் லெவல் ஸ்டுட் அட் 120 ஃபீட்’ என்றால் நீர்மட்டம் 120 அடியாக இருந்தது என்று பொருள். ‘இன்ஃப்ளோ’ நீர்வரத்து, ‘டிஸ்சார்ஜ்’ வெளியேற்றம், ‘கியூசெக்’ என்பது நொடிக்கு ஒரு கன அடி. பிசானம் எனப்படும் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கப்படும்போது ‘வாட்டர் வாஸ் ரிலீஸ்ட் ஃப்ரம் தி டேம்’ என்று எழுதுவார்கள். ஒரு வாரம் இச்செய்தியை மட்டும் தொடர்ந்து வாசித்தால், இத்தனை தொடர்களும் மனப்பாடம் செய்யாமலே மனத்தில் தங்கிவிடும்.

இரண்டாம் படி: அகராதி இல்லாமல் முதல் வாசிப்பு

செய்தியின் முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது என்பவை பெரும்பாலும் வந்துவிடும். முக்கியமானதை முதலில் சொல்லி, விவரங்களைக் கீழே தள்ளுவது நாளிதழ்களின் வழக்கம். ஆகையால் முதல் பத்தியை மட்டும் இரண்டு முறை வாசித்து, இந்த நான்கு கேள்விகளுக்கும் தமிழில் விடை எழுதுங்கள். தெரியாத சொல்லின் கீழே கோடு போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கைப்பேசியைத் திறப்பவர் செய்தியின் ஓட்டத்தை இழந்துவிடுவார்.

மூன்றாம் படி: சொல்லை அல்ல, சொற்சேர்க்கையை எடுங்கள்

இந்த முறையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ‘ரெயின்’ என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலத்த மழையை ‘ஹெவி ரெயின்’ என்பார்களே தவிர ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று சொல்வதில்லை என்பது, அச்சொல் இருக்கும் இடத்தில் பார்த்தால்தான் பழகும். எனவே நோட்டில் தனிச்சொல்லை எழுதாமல், அதற்கு முன்னும் பின்னும் வரும் சொற்களோடு சேர்த்து எழுதுங்கள்.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானதையும், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிற்க, அதிலிருந்த பயணிகள் சிக்கித் தவித்ததையும் நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாள்களின் ஆங்கிலச் செய்திகளை இணையத்தில் தேடி வாசித்தால், பயணிகள் ‘வேர் ஸ்ட்ராண்டட்’ என்றும், துண்டிக்கப்பட்ட கிராமங்கள் ‘வேர் கட் ஆஃப்’ என்றும், தாழ்வான பகுதிகள் ‘லோ-லையிங் ஏரியாஸ்’ என்றும், மக்கள் ‘ரிலீஃப் கேம்ப்’ எனப்படும் நிவாரண முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்றும் காண்பீர்கள். நாம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் இந்தத் தொடர்களுக்குப் பின்னால் நிற்பதால், அவற்றின் பொருளை அகராதி விளக்க வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

ஒரு செய்திக்கு ஐந்து தொடர்கள் போதும். ஆர்வத்தால் இருபது எழுதிவைத்தால் மறுநாள் நோட்டைத் திறக்கவே மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு தொடருக்கும் கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்: ‘ஐ வாஸ் ஸ்ட்ராண்டட் அட் தி பஸ் ஸ்டாண்ட்’ என்று எழுதியவருக்கு அச்சொல் இனி அந்நியமாக இருக்காது.

நான்காம் படி: தலைப்புகளின் இலக்கணத்தைப் பிரித்தறியுங்கள்

தலைப்புகளுக்குத் தனி இலக்கணம் உண்டு. ‘கலெக்டர் இன்ஸ்பெக்ட்ஸ் ஃப்ளட்-ஹிட் ஏரியாஸ்’ என்று நிகழ்காலத்தில் இருந்தாலும், ஆட்சியர் ஆய்வு செய்து முடித்துவிட்டார் என்றே பொருள். ‘டேம் டு பி ஓப்பன்ட் டுமாரோ’ என்பதிலுள்ள ‘டு’ எதிர்காலத்தைக் குறிக்கிறது. ‘ஸ்கூல்ஸ் ஷட், டிரெயின்ஸ் கேன்சல்ட்’ என்பதில் ‘ஆர்’ என்ற துணைவினை இடமின்மையால் விடப்பட்டிருக்கிறது. ‘டூ ஹெல்ட்’ என்றால் இருவர் பிடிபட்டனர். தலைப்பைப் பார்த்ததும், விடுபட்ட சொற்களை நிரப்பி அதை முழு வாக்கியமாக எழுதிப் பழகுங்கள்; இலக்கணப் பயிற்சிக்கு இதைவிடச் சுருக்கமான வழியை நான் அறியேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. செய்திக்கு உரிய நடை வேறு, பேச்சுக்கு உரிய நடை வேறு. ‘ரெயின் லாஷ்ட் தி டிஸ்ட்ரிக்ட்’ என்பது நாளிதழுக்கு அழகு. நேர்முகத் தேர்வில் அமர்ந்து பேசும்போது ‘இட் ரெயின்ட் ஹெவிலி’ என்பதே இயல்பானது. அதேபோல் ‘லாக்’, ‘க்ரோர்’ ஆகியவை இந்திய ஆங்கிலத்தின் எண்கள். வெளிநாட்டவரோடு பேச வேண்டியவர் ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’, ‘டென் மில்லியன்’ என்பவற்றையும் பழகிக்கொள்ள வேண்டும். நோட்டில் பேச்சுக்கு உரிய தொடர்களுக்கு எதிரே ஒரு குறி இட்டு வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: காதுக்கும் வேலை கொடுங்கள்

ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியறிக்கையைக் காலையில் கேளுங்கள்; கைப்பேசிச் செயலியிலும் அது கிடைக்கிறது. வேகம் அதிகமாகத் தோன்றினால், கற்போருக்கென்றே 1943 முதல் பிபிசி நடத்திவரும் ஆங்கிலப் பாடங்களை நாடலாம். அமெரிக்காவின் குரல் வானொலி 1959இல் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பு, ஏறத்தாழ 1,500 சொற்களை மட்டுமே கொண்டு உலகச் செய்திகளைச் சொன்னது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். செய்தியைப் புரிந்துகொள்ள ஒரு தொடக்கநிலையாளருக்குத் தேவைப்படும் சொற்கள் அச்சமூட்டும் அளவுக்கு அதிகமல்ல. கேட்ட பின், அச்செய்தியை வாய்விட்டு வாசியுங்கள்.

ஆறாம் படி: பத்திரிகையை மூடிவிட்டுச் சொல்லுங்கள்

வாசித்த செய்தியை மூன்று வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். மாலையில் டீக்கடையில் அண்ணாச்சியிடம் ‘பாபநாசத்தில் எத்தனை அடி?’ என்று எவ்வளவு இயல்பாகப் பேசுகிறோமோ, அதே செய்தியை வீட்டில் தம்பியிடமோ தங்கையிடமோ ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எழுதிய தொடர்களை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து நினைவுகூருங்கள்.

அணைச் செய்தி கைவந்த பிறகு, அடுத்த துறைக்குச் செல்லலாம். கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் திறன் கொண்ட அணு உலை ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்படும்போது ‘ஷட் டவுன் ஃபார் மெயின்டனன்ஸ்’ என்றும், மீண்டும் இயங்கும்போது ‘ரெஸ்யூம்ட் ஜெனரேஷன்’ என்றும் எழுதுவார்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும்போது ‘தி டெஸ்ட் வாஸ் கன்டக்டட் சக்ஸஸ்ஃபுலி’ என்ற தொடர் கிடைக்கும். பொறியியல் படிப்பவர்கள் இவ்விரண்டையும் தவறவிடக் கூடாது. தலையங்கப் பக்கத்தை மட்டும் முதல் சில மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அதன் நீண்ட வாக்கியங்கள், முதல் பத்தியைத் தடையின்றி வாசிக்கப் பழகிய பிறகு தொடவேண்டியவை.