பிராகில் ஜோடியாகச் சுற்றப் போகிறீர்களா? முதலில் என் 1,800 கொருனா கதையைக் கேளுங்கள்

ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் குடியிருப்பதால் வந்த வினை இது. ஊரிலிருந்து யார் வந்தாலும், அலுவலகத்தில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும், "அண்ணா, பிராக் போகலாம்னு இருக்கோம்" என்று ஒரு போன் வந்துவிடும். எல்பே ஆற்றை ஒட்டியே போகும் ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடுகிறது என்பதால் நானும் மனைவியும் எண்ணிக்கை மறந்துபோகும் அளவுக்குப் போய்வந்திருக்கிறோம். போன மாதம் புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு தம்பியோடும் அவன் மனைவியோடும் நாங்களும் சேர்ந்து போனோம். இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, 2017இல் நான் செய்த அதே முட்டாள்தனத்தை அவன் அட்சரம் பிசகாமல் செய்துவிட்டு வந்து நின்றான். அந்தக் கடுப்பில் எழுதுகிறேன். பாஸ்போர்ட்டை மறக்காதே, குடை எடுத்துக்கொள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சொல்ல வீட்டில் அம்மா இருக்கிறார்கள்.

பணம் மாற்றும் கடை

பிராக் செக் நாட்டின் தலைநகர். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் இருக்கிறது, ஷெங்கன் விசா செல்லும், ஆனால் பணம் யூரோ இல்லை, கொருனா. நம்மாட்கள் பாதிப் பேருக்கு இது ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் தெரிகிறது. உடனே ஒரு பதற்றம். கையில் உள்ளூர்ப் பணம் இல்லையே என்று, கண்ணில் படும் முதல் பணமாற்றுக் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் நுழைந்தேன். பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகிற சந்து ஒன்றில் ஒரு கடை, கண்ணாடியில் '0% கமிஷன்' என்று ஒரு முழத்துக்கு எழுதியிருந்தது. அன்றைக்கு ஒரு யூரோவுக்கு 26 கொருனா என்று போனில் பார்த்து வைத்திருந்தேன். மனைவி, "அந்தச் சின்ன எழுத்தையும் ஒரு தடவை படிச்சிட்டுக் குடுங்க" என்றாள். எல்லாம் தெரியும் என்கிற தோரணையில் 200 யூரோவை ஜன்னலுக்குள் தள்ளினேன். எதிரே ஒரு ரசீது வந்தது, கையெழுத்துப் போட்டேன், நோட்டுகள் வந்தன. வெளியே வந்து எண்ணினால் 3,400. அதாவது யூரோவுக்கு 17. வரவேண்டியது 5,200. திரும்ப உள்ளே ஓடினேன். பலகையில் இருந்த நல்ல ரேட்டு பெரிய தொகை மாற்றுகிறவர்களுக்கு மட்டும்தானாம், உங்கள் தொகைக்கு இதுதான் என்று கீழ் வரியைக் காட்டினார் உள்ளே இருந்தவர். அப்புறம் ரசீதில் இருந்த என் கையெழுத்தைக் காட்டினார். கமிஷன் ஒரு காசு வாங்கவில்லை, அது சத்தியமான உண்மை. ரேட்டிலேயே உரித்துவிட்டார்கள். 1,800 கொருனா போச்சு, அன்றைய கணக்கில் சுமார் 5,000 ரூபாய். அன்று மாலை வல்தாவா ஆற்றுக் கரையில் இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து எதிரெதிர்த் திசையில் வேடிக்கை பார்த்தோம். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்தச் சந்தைக் கடக்கும்போது இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது அந்த அளவுக்கு மோசம் இல்லை. 2019 ஏப்ரலில் செக் நாட்டில் ஒரு நல்ல விதி வந்தது: 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றினால், ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் அதே கடைக்குப் போய் மாற்றியதை ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, கட்டணமும் கிடையாது. ஆனால் விதி இருப்பது தெரிந்தால்தானே போய்க் கேட்பீர்கள்? நம்ம தம்பி 150 யூரோவுக்கு 2,850 வாங்கிக்கொண்டு வந்து, "சூப்பரா மாத்திட்டேண்ணா, கமிஷனே இல்ல" என்றான். வங்கி ரேட்டு 24க்கு மேல் இருந்த நாள் அது, இவனுக்குக் கிடைத்தது 19. ரசீது எங்கே என்றேன். குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டானாம். நல்லவேளை, தொட்டி பக்கத்தில்தான் இருந்தது, அவன் மனைவியே கையை விட்டுத் துழாவி எடுத்தாள். ஒரு கசங்கிய காபிக் கோப்பைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. கவுண்டரில் முதலில் முடியாது என்றார்கள். இந்தக் கடைகளைக் கண்காணிப்பது செக் தேசிய வங்கி. அந்தப் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே 150 யூரோவை எண்ணி வைத்தார்கள். நம் ஆட்கள் சண்டை என்றால் கூச்சப்படுவார்கள். இங்கே கூச்சப்படாதீர்கள்.

சரி, பணத்துக்கு என்னதான் வழி? பெரும்பாலும் பணமே தேவைப்படாது. ஓட்டல், கடை, டிராம் எல்லா இடத்திலும் கார்டு ஓடுகிறது. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கார்டைத் தேய்த்ததும் மெஷின் "யூரோவில் கழிக்கட்டுமா, கொருனாவில் கழிக்கட்டுமா" என்று கேட்கும், இந்தியக் கார்டு என்றால் ரூபாய் என்றும் கேட்கும். தெரிந்த பணத்தைப் பார்த்ததும் கை தானாக அதன் மேல் போகும். போகக் கூடாது. எப்போதும் கொருனா. ரூபாயை அமுக்கினால் அந்த மெஷின்காரன் வைத்ததுதான் ரேட்டு, கொருனாவை அமுக்கினால் உங்கள் வங்கியின் ரேட்டு. ஏடிஎம்மிலும் இதே கேள்விதான், கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்கும்: இன்ன ரேட்டில் மாற்றித் தருகிறேன், ஏற்கிறாயா என்று. வேண்டாம் என்று அமுக்கினால் பணம் வராமல் போய்விடுமோ என்று பயந்து ஏற்றுக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வரும், தாராளமாக வரும். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற இடத்தில் தனியாக நிற்கும் ஏடிஎம்மை விட்டுவிட்டு, வங்கிக் கிளையின் சுவரிலேயே பதித்திருப்பதில் எடுங்கள். இன்னொன்று, 2,000 என்று கேட்டால் ஒரே நோட்டாக வந்து விழும், அதைக் காபிக் கடையில் நீட்டினால் முறைப்பார்கள். 1,900 என்று கேளுங்கள்.

தெருவில் "சேஞ்ச், சேஞ்ச்" என்று காதருகே வந்து கேட்பவனைப் பற்றி எழுதக்கூட மாட்டேன். கொடுப்பது வேறு நாட்டு நோட்டாகவோ செல்லாத நோட்டாகவோதான் இருக்கும்.

டிக்கெட் வாங்கிவிட்டோமே என்ற நிம்மதி

காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது. மெட்ரோ வாசலிலோ டிராமுக்குள்ளோ இருக்கும் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும், முதல் பயணத்தில் ஒரே ஒரு தடவை. குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒன்றுதான். பரிசோதகர்கள் சாதாரண உடையில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள், திடீரென்று ஒரு வில்லையை நீட்டுவார்கள். டிராமுக்குள் இருக்கும் மெஷினில் கார்டால் வாங்கினால் இந்த வேலை இல்லை, அது குத்தியே வரும்.

கோட்டைக்கு ஏறிப் போவது

சார்லஸ் பாலத்தைக் கடந்து, மலையேறிக் கோட்டைக்குப் போவது என்றுதான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். வரைபடத்தில் பக்கம்தான். ஆனால் அது செங்குத்தான ஏற்றம், வழியெல்லாம் உருளைக் கல் பாவிய தெரு. புது மனைவி கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பில் வந்திருந்தால் பாதி வழியிலேயே அன்றைய தேனிலவு முடிந்தது. 22ஆம் எண் டிராமைப் பிடித்து மேலே போய் இறங்குங்கள், கோட்டையைப் பார்த்துவிட்டு இறக்கத்தில் நடந்து பாலத்துக்கு வாருங்கள்.

மேலே இருக்கும் புனித வீத்துஸ் பேராலயத்தைக் கட்ட ஆரம்பித்தது 1344, முடித்தது 1929. நம் ஊர் மேம்பாலங்களைக் குறை சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், பூசை நடக்கும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். உள்ளே செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கிறது. வெயில் உள்ள நேரத்தில் அதன் நீலமும் பச்சையும் எதிரே நிற்பவர் முகத்தில் விழும். நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் சமாதானம் ஆனோம்.

மணிக்கூண்டு

பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரத்துக்குக் கீழே 20 நிமிடம் கழுத்தை நிமிர்த்திக் காத்திருந்து, ஒரு நிமிடப் பொம்மலாட்டம் முடிந்ததும் "அவ்வளவுதானா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுதான் வழக்கம். எலும்புக்கூடு மணியடிக்கும், இயேசுவின் சீடர்கள் ஜன்னலில் வந்து போவார்கள், சேவல் கூவும், கதை முடிந்தது. கூட்டத்தில் எல்லோரும் மேலே பார்ப்பதால் கைப்பையைப் பார்க்க ஆள் இருக்காது, அந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் ஏது.

பார்க்க வேண்டியது பொம்மையை அல்ல, முகப்பை. 1410இல் வைத்த கடிகாரம், சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்பதை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. வெளி வளையத்தில் பழைய எழுத்தில் 24 எண்கள் இருக்கும், அது சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணும், போஹேமியா எனப்பட்ட இந்தப் பகுதியின் பழைய மணி. நாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணினோம், அவர்கள் அஸ்தமனத்திலிருந்து. அரைமணி வாக்கில், கூட்டம் இல்லாதபோது வந்து நிதானமாகப் பாருங்கள்.

சனிக்கிழமை யூதர் பகுதி

மூடியிருக்கும். பழைய கல்லறையும் யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த தொழுகைக்கூடங்களும் அன்று திறப்பதில்லை. வார இறுதிக்கு வருகிற ஜோடிகள் தவறாமல் சனிக்கிழமைக்குத்தான் இதை வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறுக்கு மாற்றுங்கள், தவற விடாதீர்கள். பின்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவரில், நாஜிகளிடம் உயிரிழந்த ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். அங்கே செல்ஃபி எடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதே கொடுமை, ஆனால் சொல்லவேண்டியிருக்கிறது.

சார்லஸ் பாலம், பகல் பதினொரு மணி

கூட்டத்தில் நசுங்காமல் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணி. அவ்வளவுதான்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: செக் மொழியில் 'பெஸ் மாசா' என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம், ஆனால் சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், அதைத் தனியாகக் கேளுங்கள். பொரித்த பாலாடைக்கட்டி (ஸ்மஜெனி சீர்) எங்கேயும் கிடைக்கும். கூட வரும் தார்த்தார் சாஸில் முட்டை உண்டு. கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக் கூடையிலிருந்து எடுத்தால் அதற்கும் பில் போடலாம்.

ட்ர்டெல்னிக்

தெருவுக்குத் தெரு புகைகிற அந்தச் சர்க்கரைச் சுருள் பிராகின் பழம்பெரும் பலகாரம் எல்லாம் இல்லை. ஒன்று வாங்கிப் பிட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா நேரமும் சதுக்கத்திலேயே கிடப்பது

ஒரு மாலையை விஷெஹ்ராடுக்கு ஒதுக்குங்கள். ஆற்றுக்கு மேலே பழைய கோட்டை மேடு, மதில் மேல் நடக்கக் காசு இல்லை. இசையமைப்பாளர் துவோர்ஷாக், மேலே சொன்ன முகா இரண்டு பேரின் கல்லறையும் அங்கேதான். தமிழ் இலக்கிய வரலாற்றை மேற்கத்தியர்களுக்குச் சொன்ன கமில் சுவெலபில் இந்த ஊரில் பிறந்தவர் என்று அந்த மதில் மேல் உட்கார்ந்து தம்பியிடம் சொன்னேன். அவன் போனில் 150 யூரோ கணக்கையே இன்னும் போட்டுக்கொண்டிருந்தான்.

மீதிச் சில்லறை

நாணயத்தை எந்தக் கடையிலும் திருப்பி மாற்ற மாட்டார்கள். கழிப்பறைக்கு இரண்டு மூன்று வைத்துக்கொண்டு மற்றதை ரயில் நிலையத்தில் தண்ணீர் பாட்டிலாக மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துக்கொண்டு போக மறந்துவிடுகிறோம்.