நிற்கிற மரத்துக்கு வழிவிட்டு வீடு கட்டுவது: திருநெல்வேலிச் சீமைக்கான முறை

இருபது முப்பது சென்ட் மனை வாங்கி வசதியாக வீடு கட்டுகிறவர்கள் பலர் அந்த இடத்தைப் பிடித்துப்போய் வாங்குவதே அங்கே நிற்கிற வேம்புக்காகவோ புளிக்காகவோதான். கட்டும்போது அதை யாரும் வெட்டுவதும் இல்லை. ஆனாலும் பால் காய்ச்சிக் குடிவந்து நாலைந்து வருஷத்தில் உச்சிக் கொப்பு காய்ந்து, மரம் பட்டுப்போகிறது. நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். பெரும்பாலும் அது நோயே இல்லை. வீட்டு வேலை நடந்தபோது வேருக்கு நேர்ந்தது அப்போதுதான் மேலே தெரிகிறது.

மரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுவருகிற மெல்லிய வேர்கள் மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான் பரவிக் கிடக்கும். இலைக் கூட்டத்தின் விளிம்பையும் தாண்டிப் போகும். அந்த மண்ணுக்குக் காற்று வேண்டும். அதை வெட்டினாலும், மேலே மண் கொட்டினாலும், லாரி ஏறி இறுகினாலும் வேர் மூச்சுமுட்டிச் சாகும். ஆகவே, மரத்தைக் காப்பது என்றால் அடிமரத்தைக் காப்பது அல்ல, அதன் வேர்நிலத்தைக் காப்பது.

அளவு முதலில், வரைபடம் பிறகு

பொறியாளரிடம் பேசுமுன் மனையை டோட்டல் ஸ்டேஷன் என்கிற மின்னணு அளவைக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். எல்லைக் கல்லை மட்டும் அளந்தால் போதாது. ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு, நாலு திசையிலும் கிளை எவ்வளவு தூரம் போகிறது, முதல் பெரிய கிளை எத்தனை அடி உயரத்தில் பிரிகிறது, மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மரத்தடியின் தரைமட்டம் சாலை மட்டத்தைவிட எவ்வளவு கூட அல்லது குறைவு என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். தரைமட்டத்தைக் குறிக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பிறகு தொல்லை வருவதும் அதில்தான்.

வேர்நிலத்துக்குக் கணக்கு எளிது. சுற்றளவை நாலால் பெருக்குங்கள். அதுதான் அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் விட வேண்டிய தூரம். சுற்றளவு 6 அடி உள்ள வேம்புக்கு 24 அடி. அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 1,800 சதுர அடி, அதாவது நாலு சென்டுக்குச் சற்று மேல். ஒரு மரத்துக்கு நாலு சென்டா என்று மலைக்க வேண்டாம். சட்டப்படி விட வேண்டிய பக்க இடைவெளி, தோட்டம், நடைபாதை எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். வட்டத்தைச் சுண்ணாம்புப் பொடியால் தரையில் போட்டுப் பாருங்கள். வீடு எங்கே வரும் என்பது அப்போதே பாதி தெரிந்துவிடும்.

எதை வைப்பது, எதை எடுப்பது

எல்லா மரத்தையும் வைத்துக்கொள்ள முடியாது, வைக்கவும் வேண்டாம். சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்துவிடுங்கள். முருங்கையும் குல்மோகரும் வலுவில்லாத கொப்புகள் உள்ளவை, காற்றில் முறியும். அவற்றுக்காக வீட்டை வளைக்க வேண்டியதில்லை. ஆலும் அரசும் 30 அடிக்குள் நின்றால் செப்டிக் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, குழாய் எதையும் விட்டுவைக்காது. பெரிய இடமாக இருந்து, மரம் ஓரத்தில் நின்றால் மட்டுமே வையுங்கள்.

வேம்பு, புங்கை, புளி, நாவல், பூவரசு, இலுப்பை, ஆற்றங்கரை ஊர்களில் மருது, நாங்குநேரி ராதாபுரம் பக்கத்துக் குடை விரித்த உடைமரம் ஆகியவை வைக்கத் தகுந்தவை. புளியில் மட்டும் எச்சரிக்கை தேவை. வயதான புளி உள்ளே பொந்து விழுந்து நிற்கும். மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெறும் பானை போல ஒலித்தாலோ, வேர்மூட்டில் காளான் முளைத்திருந்தாலோ, அந்த மரம் விழக்கூடிய தூரத்துக்குள் படுக்கையறை வைக்கக் கூடாது. நாவல் ஆனி ஆடியில் பழம் உதிர்க்கும், கறை போகாது. அதனடியில் கார் நிறுத்தவோ வெளிர்க் கல் பாவவோ வேண்டாம். பனையை வெட்டுவதாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு இதை அறிவித்தது.

வீட்டின் உருவம்

பெரிய மரத்தை நடுமுற்றத்தில் வைத்து நாலு பக்கமும் வீடு கட்டுவது படத்தில் அழகாக இருக்கும். வளர்ந்த வேம்புக்கு அது சமாதி. பன்னிரண்டடி முற்றத்துக்குள் நிற்கிற மரத்துக்கு நாலு பக்கமும் வேர் அறுபட்டுப்போகும். முற்றத்துக்குள் வைக்கத் தகுந்தவை தென்னையும் பனையும்தான். அவற்றின் நார்வேர் அஸ்திவாரத்தை நெருக்காது, தண்டும் வருஷா வருஷம் பருக்காது. தென்னைக்கு மேலே ஓலை விரிய இடம் விட வேண்டும். காயும் மட்டையும் விழுகிற இடத்தில் ஆள் நடமாட்டமும் கண்ணாடிக் கூரையும் கூடாது.

நம் ஊர்ப் பழைய வீடுகளின் அமைப்பே இதற்கு வழி சொல்கிறது. தார்சா (முன்கூடம்), பட்டாசல் (பெரிய கூடம்), இரண்டாம் கட்டு, அடுப்பங்கரை என்று நீளவாக்கில் போகிற வீட்டைக் கட்டுகட்டாகப் பிரித்து, மரங்களுக்கு இடையே ஒதுக்கி வைக்கலாம். கட்டுகளை மூடிய நடையால் இணைத்துக்கொள்ளலாம். ஒரே சதுரமாக 4,000 சதுர அடி வீடு வைத்தால் எட்டு மரத்தில் ஐந்து போகும் இடத்தில், மூன்று கட்டாகப் பிரித்தால் ஒன்றிரண்டுதான் போகும். சுவர் நீளம் கூடுவதால் செலவும் கூடும். அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் வட்டத்துக்குள் வந்துதான் ஆக வேண்டும் என்றால் பாதித் தூரம் வரை நெருங்கலாம், மற்ற மூன்று பக்கமும் திறந்த மண்ணாக இருக்குமானால். கூரையும் தளமும் சேர்ந்து மூடுகிற பரப்பு, வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கான்கிரீட் தளத்தில் ஓட்டை போட்டு மரத்தை மேலே விடுவதை மட்டும் செய்யவே வேண்டாம். மரம் ஆடும், பருக்கும், ஒழுகும். மரத்தைச் சுற்றி மரப்பலகை மேடை வேண்டுமானால் அடிமரத்தைச் சுற்றி அரை அடி இடைவெளி விட்டு, உள்வரிசைப் பலகைகளைத் தனியாகக் கழற்றி அறுக்கும்படி அமையுங்கள்.

வெயிலும் காற்றும்

திருநெல்வேலியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரை பிறக்கிற சமயத்தில். அங்கிருந்து ஆவணி நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சுவருக்கு வெயிலே வராது என்று நினைத்துப் பெரிய கண்ணாடி வைப்பவர்கள் சித்திரை வைகாசியில் தவிப்பது இதனால்தான். வீட்டுக்கு வடக்கே நிற்கிற மரமும் மதிப்புள்ளது.

அதிக மதிப்பு மேற்கு மரத்துக்கு. மூன்று மணிக்கு மேல் சாய்வாக வருகிற வெயிலை எந்தச் சன்ஷேடும் மறைக்காது, வேம்புதான் மறைக்கும். ஆனால் ஆனி ஆடிக் காற்று மலைக் கணவாய் வழியாக வருவதும் மேற்கிலிருந்துதான். முறிகிற கொப்பு வீட்டின் மேல் விழும். இதற்காக மரத்தை எடுக்க வேண்டாம். வைகாசிக்குள் காய்ந்த கொப்பை எடுத்துவிட்டு, கூரைக்கு மேல் நீளும் கிளைகளை அது பிரிகிற கணுவை ஒட்டி அறுத்தால் போதும். ஒரே வருஷத்தில் இலைக்கூட்டத்தில் கால் பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது. மொட்டையடித்தால் அந்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கிற கொப்புகளுக்குப் பிடிப்பு இருக்காது, அடுத்தடுத்த காற்றுக்கு அவைதான் முதலில் ஒடியும்.

மாடியின் தரைமட்டத்தை முதல் பெரிய கிளையின் உயரம் பார்த்து முடிவுசெய்யுங்கள். இலைக்கூட்டத்தின் நடுவுக்கு நேரே பால்கனி வந்தால், அந்த வீட்டில் எல்லாரும் உட்காரும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

மண் அடித்து உயர்த்துவது

நம் பக்கத்தில் அதிக மரங்களைக் கொல்வது கோடாரி அல்ல, நிரப்பு மண். சாலை உயர்ந்துகொண்டே போகிறது என்று மனை முழுக்க இரண்டு மூன்று அடி சரள் மண் அடிக்கிறார்கள். வேரின் மேல் அரையடி மண் ஏறினாலே பல மரங்களுக்கு ஆபத்து. அடிமரத்தைச் சுற்றிக் கிணறு போல வட்டச் சுவர் கட்டிவிட்டால் பிழைத்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. உணவு தேடும் வேர் அந்த வட்டத்துக்குள் இல்லை, வெளியே புதைந்துவிட்டது.

வீட்டின் பேஸ்மட்டத்தை மட்டும் உயர்த்துங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பார்த்த பிறகு ஆற்றுப் பக்கத்திலும் குளத்துக்குக் கீழேயும் உயரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மரநிலம் பழைய மட்டத்திலேயே இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே, வேர்வட்டத்துக்கு வெளியே, கல் தடுப்புச்சுவர் கட்டிப் படி இறக்குங்கள். தாழ்ந்த பக்கத்துக்குத் தண்ணீர் வெளியேற வாய்க்கால் வழி கட்டாயம் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக் கணக்கில் தண்ணீர் நின்றால் வேம்பு அழுகும். மழைநீர் சேகரிப்புக் குழியும் வேர்வட்டத்துக்கு வெளியேதான்.

அஸ்திவாரம்

வேர்வட்டத்துக்குள் வருகிற பகுதிக்கு வழக்கமான வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டிக் கல் கட்டக் கூடாது. தொடர்ச்சியான வானம் அந்தப் பக்கத்து வேர் அத்தனையையும் ஒரே கோட்டில் அறுத்துவிடும். பதிலாகப் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிற கான்கிரீட் தூண், போட்டு, அதன் மேல் தரைக்கு மேலாகவே பீம் ஓட்ட வேண்டும். பைல் 12 அங்குல விட்டம், இடைவெளி 12 முதல் 15 அடி என்று தொடங்கி, மண் பரிசோதனையைப் பார்த்து ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் முடிவுசெய்யட்டும். ஒவ்வொரு பைல் குழியிலும் முதல் இரண்டரை அடியைக் கையால் தோண்டுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் பருமனான வேர் வந்தால் குழியை நகர்த்த வேண்டும். ஒன்றரை அடி வரை நகர்த்தலாம் என்று வரைபடத்திலேயே முன்கூட்டி எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு யாரும் பொறியாளருக்காகக் காத்திருக்க மாட்டார்கள், வேர்தான் போகும். சிறிய வேரை ரம்பத்தால் நேராக அறுங்கள். ஜேசிபி பிய்த்த வேர் நெடுந்தூரம் கிழிந்து அழுகும்.

பீமுக்கும் மண்ணுக்கும் இடையே மூன்று அங்குலம் காலி விடுங்கள். வெளிப்பக்கத்தைக் கடப்பைக்கல் பட்டையும் கம்பிவலையும் வைத்து மூடினால் பாம்பும் எலியும் நுழையாது. காற்று மட்டும் போய்வரும். அந்தப் பகுதியின் தரை, மண் நிரப்பாமல், பீம் தாங்குகிற தொங்குதளமாகவே இருக்க வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கம் போலக் கரிசல் மண்ணாக இருந்தால் கணக்கே வேறு. மரம் கோடையில் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கிச் சுவர் வெடிக்கும். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி இருப்பது நல்லது. முடியாவிட்டால் அடியில் குமிழ் விட்ட அண்டர் ரீம்டு பைல் போடுங்கள். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே வகுத்த முறை இது. குமிழின் விட்டம் தண்டைப் போல இரண்டரை மடங்கு, ஆழம் குறைந்தது மூன்றரை மீட்டர். கரிசலில் பெரிய மரத்தை எடுத்தாக வேண்டுமானால், எடுத்த கையோடு அங்கே கட்டாதீர்கள். மரம் குடிக்காத தண்ணீரை மண் குடித்து உப்பும். ஒரு பருவமழையாவது கடந்து போகட்டும்.

கறையான் மருந்திலும் கவனம் வேண்டும். அதற்கு ஊற்றுகிற இமிடாகுளோபிரிட் என்கிற பூச்சிக்கொல்லி மண்ணிலிருந்து வேர் வழியாகப் பூவரை ஏறும், தேனீக்குக் கேடு. வேர்வட்டத்துக்குள் ஊற்ற வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி, செப்டிக் தொட்டி, நீச்சல்குளம் ஆகிய ஆழக்குழிகள் மூன்றையும் மரமில்லாத பக்கத்துக்கு ஒதுக்குங்கள். குழாய்களும் மின்கம்பியும் ஒரே பாதையில் போகட்டும். தட்டட்டியில் (மொட்டைமாடியில்) வழக்கமாக வைப்பதைவிட ஒரு மடங்கு கூடுதலாக மழைநீர்க் குழாய் வாய் வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் கூண்டு வலையோடு. புளியிலை அவ்வளவு சிறியது, தட்டை வலை ஒரு மழையிலேயே அடைத்துக்கொள்ளும்.

வேலை நடக்கும்போது

ஜேசிபி மனைக்குள் நுழைவதற்கு முன்பே வேர்வட்டத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பும் தகரமும் வைத்து ஆறடி வேலி அடையுங்கள். கயிறு கட்டினால் இரண்டாம் நாள் காணாமல் போகும். வேலிக்குள் எம்-சாண்ட் கொட்டுவது, செங்கல் அடுக்குவது, சிமெண்ட் குழைப்பது, கலவைச் சட்டி கழுவுவது, சமையல் மூட்டுவது எதுவும் கூடாது. நிழல் அங்கேதான் இருக்கிறது என்பதால் கொத்தனாரும் சித்தாளும் அங்கேதான் உட்கார நினைப்பார்கள், அது நியாயமும்கூட. ஆகவே முதல் நாளே வேறிடத்தில் ஓலைப் பந்தல் போட்டுக் கொடுங்கள். லாரி வட்டத்தைக் கடந்தே ஆக வேண்டுமானால் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, முக்காலடி 40 மி.மீ. ஜல்லி பரப்பி, வேலை முடிந்ததும் அள்ளிவிடுங்கள். இந்த விதிகளையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி, மீறினால் பிடித்தம் என்றும் போடுங்கள்.

வேர் அறுபட்ட மரத்துக்குக் கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு முழம் ஆழம் நனையும்படி தண்ணீர் விடுங்கள், அடிமரத்தில் அல்ல, கிளை விளிம்புக்கு நேர்கீழே. மூன்றங்குலம் காய்ந்த சருகு பரப்பி, மரத்தூரை ஒட்டி மட்டும் விலக்கி வையுங்கள். குடிவந்த பிறகும் மூன்று கோடைக்கு இது தொடர வேண்டும். பேவர் பிளாக் பதிக்க வேண்டாம். நடக்க வழி வேண்டுமானால் மணலில் இடைவெளி விட்டுக் கல் பலகை போடலாம்.

மழைக்குப் பிறகு வேம்பின் கொப்பு நுனிகள் மட்டும் கருகினால் அது பூஞ்சை நோயாக இருக்கலாம், பல மரங்கள் மறுபடி துளிர்த்துவிடும். அவசரப்பட்டு வெட்டாதீர்கள். மாறாக, மாசி பங்குனியில் இலை உதிர்ந்து புதுத் துளிர் வந்த பிறகும் உச்சிக் கொப்புகள் வெறிச்சென்று நின்று, வருஷத்துக்கு வருஷம் அது கீழிறங்கினால் சேதம் வேரில் இருக்கிறது. அப்போது வேர்வட்டத்தில் இறுகிய மண்ணைக் கைக்கொத்தால் லேசாகக் கிளறிவிட்டு, மக்கிய இலையுரம் பரப்பி, தண்ணீரைக் கூட்டுங்கள். யூரியா மட்டும் போடாதீர்கள். தாங்க வேரில்லாத நேரத்தில் இலையைத் தள்ளவைத்து மரத்தை மேலும் களைப்பாக்கும்.