அடுப்பில்லாமல் ஆரஞ்சு சாக்லேட் டார்ட்

18 செ.மீ. அடி கழலும் டின் ஒன்றுக்கான அளவு இது. பால், வெண்ணெய், சர்க்கரை எதுவும் கிடையாது.

முந்திரி 150 கிராமை 4 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். அடித்தளத்துக்கு பாதாம் 100 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 100 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பாதாமை ரவை பதத்துக்கு மட்டும் பொடியுங்கள். மேலும் ஓட்டினால் எண்ணெய் கக்கும். பேரீச்சை சேர்த்து ஒரு சுற்று. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். டின்னில் அழுத்திப் பரப்புங்கள்.

இனி ஆரஞ்சு. மெழுகு போக வெந்நீரில் தேய்த்துக் கழுவி, மேல்தோலை மட்டும் துருவுங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசப்பு. எவ்வளவு இனிப்பு போட்டாலும் மறையாது. ஒரு பழத்தின் துருவல், 80 மி.லி. சாறு, முந்திரி, பேரீச்சை 80 கிராம், வறுக்காத கொக்கோ பொடி 40 கிராம் எல்லாவற்றையும் மையாக அரையுங்கள். விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. மிக்ஸி சூடேறினால் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள்.

உருக்கிய தேங்காய் எண்ணெய் 60 மி.லி. கடைசியில்தான். இங்கேதான் பலருக்குச் சொதப்பும்: சுமார் 24 டிகிரிக்குக் கீழே இந்த எண்ணெய் உறையும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாறோடு கலந்தால் குருணை குருணையாகத் திரிந்துவிடும். பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்து மீண்டும் அடித்தால் சரியாகும்.

கலவையை டின்னில் உள்ள அடித்தளத்தின் மேல் ஊற்றி, ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம். வெட்டும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொள்ளுங்கள். கடை முந்திரி பெரும்பாலும் ஓடு நீக்கும்போதே வெந்ததுதான். சமைக்காத உணவை மட்டுமே கறாராக உண்பவர்கள் கவனிக்க.