புரொஜெக்டர் வாங்கும் முன்: பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

முதலில் டேப் எடுத்துச் சுவரை அளந்துகொள்ளுங்கள். கடைப்பக்கம் அதற்கப்புறம் போகலாம்.

1. தூரம்

16:9 வடிவில் 100 அங்குலப் படம் என்றால் அகலம் 221 செ.மீ., உயரம் 125 செ.மீ. விவரப் பட்டியலில் 'த்ரோ ரேஷியோ' என்று ஓர் எண் இருக்கும். லென்ஸுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 1.2 என்றால் 221 × 1.2 = 265 செ.மீ. தேவை. 10 அடி அறையில் கருவியின் உடலுக்கும் பின்பக்கக் காற்றோட்டத்துக்கும் 40 செ.மீ. விட்டால் மிஞ்சுவது சரியாக 265. அதே இடத்தில் 1.5 ரேஷியோ உள்ளதை வைத்தால் படம் 80 அங்குலத்தோடு நின்றுவிடும்.

2. வெளிச்சம்

அதிகம் ஏமாறுவது இங்கேதான். மலிவுப் பெட்டிகளில் '9000 லூமன்ஸ்' (லூமன் என்பது ஒளியின் அளவு) என்று கொட்டை எழுத்தில் இருக்கும். முன்னால் ஆன்சி (ANSI) அல்லது ஐஎஸ்ஓ (ISO) என்ற தர அளவீட்டு முறையின் பெயர் இல்லையென்றால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆன்சி முறையில் வெள்ளைப் படத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் திரையில் விழும் ஒளியை அளந்து, சராசரியைப் பரப்பால் பெருக்குவார்கள். திரைக்கு வந்து சேரும் ஒளி மட்டுமே இதில் கணக்கு.

முழு இருட்டில் 100 அங்குலத்துக்கு ஏறக்குறைய 475 லூமன்ஸ் இருந்தாலே தியேட்டர் அளவு வெளிச்சம் வரும். ஆனால் நல்ல நிறம் தரும் மோடுக்கு மாற்றினால் ஒளி குறையும். பல்பும் நாளாக ஆக மங்கும். அதனால் இருட்டறைக்கு 1000 ஆன்சி, டியூப்லைட் எரியும் ஹாலுக்கு 2500 முதல் 3000 வரை பாருங்கள். கருப்பு நிறத்தை எந்தப் புரொஜெக்டரும் பாய்ச்ச முடியாது. படத்தில் கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சுவரின் நிறமே தெரியும். பகலில் திரைச்சீலை போடாமல் பார்க்க நினைப்பவர்களுக்கு டிவியே மேல்.

3. ரெசல்யூஷன்

'4கே சப்போர்ட்' என்றால் 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். 'நேட்டிவ்' (கருவியில் உண்மையில் உள்ள பிக்சல் எண்ணிக்கை) என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 1280×720 இருந்தால் நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான். 100 அங்குலத்துக்கு 1920×1080க்குக் கீழே இறங்க வேண்டாம்.

4. தொழில்நுட்பம்

மலிவானவற்றில் பெரும்பாலும் ஒற்றை எல்சிடி பேனல் (படம் உருவாகும் தகடு). ஒளிப்பாதை மூடப்படாத மாடல்களில் தூசி புகுந்து படத்தில் புள்ளியாகத் தெரியும்.

டிஎல்பியில் நுண்கண்ணாடிகள் கொண்ட சிப் இருக்கும். ஒற்றைச் சிப் மாடல்கள் சிவப்பு, பச்சை, நீலத்தை அடுத்தடுத்துக் காட்டுவதால் சிலர் கண்ணுக்கு வானவில் கீற்று தெரியும். கடையில் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடவிட்டு, கண்ணை இடம் வலமாக வேகமாக நகர்த்திப் பாருங்கள். வீட்டாரில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியலாம்.

மூன்று நிறத்துக்கும் தனித்தனிப் பேனல் உள்ள 3எல்சிடியில் இந்தச் சிக்கல் இல்லை. கருப்பின் ஆழத்தில் எல்காஸ் (LCoS, ஒளியை எதிரொளிக்கும் பேனல் வகை) முன்னணி, விலையிலும் அப்படியே.

5. கீஸ்டோன்

கோணலாக வைத்து, கோணிய படத்தை டிஜிட்டலாகத் திருத்தும் கீஸ்டோன் வசதியில் நேராக்கினால் பேனலின் ஒரு பகுதி வீணாகும்: பிக்சலும் போகும், ஒளியும் போகும். லென்ஸ் ஷிஃப்ட் (கருவியை அசைக்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தும் வசதி) இருந்தால் இந்த இழப்பில்லாமல் படத்தை நகர்த்தலாம். இல்லையென்றால் ஸ்டாண்டின் உயரத்தை முதலிலேயே சரிபாருங்கள்.

6. மிச்சம்

பல்பு 3000 முதல் 5000 மணி நேரம், எல்இடியும் லேசரும் 20,000 அளவில் என்பார்கள். பொதுவாக வெளிச்சம் பாதியாகும் வரையிலான கணக்கு அது. 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' (காட்சிக்கேற்ப ஒளியைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் வெள்ளை-கருப்பு வித்தியாசம்) எண்ணை வைத்து இரண்டு மாடலை ஒப்பிடாதீர்கள். பல ஆண்ட்ராய்டு புரொஜெக்டர்களில் நெட்ஃபிளிக்ஸ் உரிமம் இருப்பதில்லை. எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகினால் வேலை முடிந்தது.